பலகையை மாற்றும் முன் பில்லைப் பாருங்கள்: வட்டார சூப்பர் மார்க்கெட் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மேற்கே கோவை, ஈரோடு தொடங்கித் தெற்கே நெல்லை, நாகர்கோவில் வரை ஐந்து கடை, பத்துக் கடை, முப்பது கடை என்று நடத்தும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம். இத்தனை நாள் ஒரே மாதிரிக் கடையை நடத்தி வந்தவர்கள் இப்போது தெருமுனையில் சின்னக் கடை, பைபாஸ் ஓரத்தில் பெரிய கடை, காய்கறிக்கு மட்டும் ஒரு கடை, வசதியானவர்கள் குடியிருக்கும் பகுதிக்கு ஏ.சி. போட்ட கண்ணாடிக் கடை என்று முயன்று பார்க்கிறீர்கள். கூடவே சொந்தப் பெயரில் பருப்பு, ரவை, மசாலா பாக்கெட்டுகள் வேறு. ஒரு பக்கம் பத்து நிமிட டெலிவரி ஆப்கள், இன்னொரு பக்கம் அண்ணாச்சி கடை என்று நெருக்கும்போது சும்மா இருக்கவும் முடியாது. முயற்சியில் தவறில்லை. ஆனால் 1,200 சதுர அடி வாடகைக்குக் கிடைத்தால் அது ‘எக்ஸ்பிரஸ்’, 8,000 கிடைத்தால் அது ‘ஹைப்பர்’ என்று, கிடைத்த இடத்தை வைத்துக் கடையின் வகையை முடிவு செய்கிறீர்கள். அந்த முடிவு பில்லிலிருந்து வர வேண்டும்.

கடந்த மூன்று மாத பில்களை சாஃப்ட்வேரிலிருந்து எடுத்து மூன்றாகப் பிரியுங்கள்: ஐந்து ஐட்டத்துக்குள் முடிந்தவை, ஆறு முதல் இருபது வரை, இருபதுக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், தொகை மூன்றையும் பாருங்கள். இருபதுக்கு மேற்பட்டவை பெரும்பாலும் ஒன்றாம் தேதிக்கும் பத்தாம் தேதிக்கும் இடையில் குவிந்திருக்கும். சம்பளம் வந்ததும் எழுதும் மாதச் சாமான் லிஸ்ட் அது. ஐந்துக்குள் முடிபவை காலையிலும் விளக்கு வைத்த பிறகும் வரும் பால், தயிர், தோசை மாவு, கறிவேப்பிலை, ஷாம்பு சாஷே. நடுவிலுள்ளவை வெள்ளிக்கிழமை, அமாவாசை, முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் என்று ஏறி இறங்கும். புரட்டாசியில் காய்கறி ஏறும், மார்கழியில் கோலப்பொடி நகரும். புதிதாகத் திறக்கப்போகும் கடை இந்த மூன்றில் எதற்காக என்று ஒரே வரியில் எழுத முடியவில்லையென்றால் கட்டட உரிமையாளரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

சின்னக் கடையில் அடிக்கடி நடக்கும் தவறு, பெரிய கடையை அப்படியே சுருக்கி வைப்பது. ஏழு கம்பெனி சலவைத்தூள், ஒவ்வொன்றிலும் இரண்டு பாக்கெட். பார்வைக்கு ரேக் நிறைந்திருக்கும். சனிக்கிழமை மாலை ஓடுகிற சரக்கு மட்டும் காலியாக இருக்கும். காரணம் எளிய கணக்கு. அரைக் கிலோ ரவை தினம் ஆறு பாக்கெட் போகிறது, சரக்கு வாரம் ஒருமுறை வருகிறது என்றால் 42 பாக்கெட் வேண்டும். தட்டு கொள்வது 18 என்றால் மூன்றே நாளில் தீர்ந்துவிடும். கோடவுன் இல்லாத கடையில் மிச்சம் 24 பாக்கெட்டை எங்கே வைப்பது? பில் கவுண்டருக்குக் கீழே வைத்து, மறந்தும் போவார்கள். ஆகவே ஒன்று, ரவைக்குத் தட்டில் இடத்தைக் கூட்ட வேண்டும். அல்லது வாரத்துக்கு மூன்று முறை சரக்கு வர வேண்டும். எங்கள் கணிப்பில் 1,200 சதுர அடிக் கடை 1,200 முதல் 1,500 ஐட்டத்தைத்தான் ஒழுங்காகத் தாங்கும். அதற்கு மேல் அடைத்தால் விற்காமல் கிடக்கும் டெட் ஸ்டாக்கும் தட்டுப்பாடும் ஒரே ரேக்கில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

சின்னக் கடைக்கு டிஸ்ட்ரிபியூட்டரை நேரடியாக வரச் சொல்லாதீர்கள். கேஸ் கணக்கில், அதாவது முழுப் பெட்டியாக எடுத்தால்தான் ஸ்கீம் என்னும் கம்பெனிச் சலுகை கிடைக்கும். சின்னக் கடையில் ஒரு முழு கேஸ் ஒரு மாதம் கிடக்கும். தாய்க்கடை, அதாவது உங்கள் பெரிய கடை, கேஸாக வாங்கி, உடைத்து, பிளாஸ்டிக் கிரேட்டில் அடுக்கி, காலை ஆறு மணிக்குள் சின்னக் கடைக்கு அனுப்புவதே சரி. முந்தைய நாள் இரவு பில் முடிந்ததும் விற்ற அளவு லிஸ்டாகத் தாய்க்கடைக்குப் போய்விட வேண்டும். இதில் ஒரு வரிச் சிக்கல் உண்டு. இரண்டு கடையும் ஒரே மாநிலத்தில் ஒரே ஜி.எஸ்.டி. எண்ணில் இருந்தால் சரக்கு அனுப்பும் சீட்டான டெலிவரி சலான் போதும், வரி இல்லை. தம்பி பெயரிலோ மருமகன் பெயரிலோ தனி நிறுவனமாகத் திறந்திருந்தால் அது விற்பனை. ஒவ்வொரு கிரேட்டுக்கும் வரியோடு பில் போட வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு என்றால், வண்டியோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டான இ-வே பில்லும் எடுக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமம் ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனி. எடை மெஷின் முத்திரை ஆண்டுக்கு ஒருமுறை. குடும்பத்துக்குள் பேசி முடித்த ஏற்பாடு ஆடிட்டர் மேசைக்குப் போகும்போதுதான் முழிப்பார்கள். திறப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கடை அமைப்பில் இரண்டு விஷயம் மட்டும். கூடை எடுத்து நடக்கும் கடைக்கு ரேக்குகளுக்கு இடையே மூன்றரை அடி போதும். டிராலி ஓடும் கடைக்கு ஐந்து அடியாவது வேண்டும், இல்லையென்றால் இரண்டு டிராலி எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டியதுதான். அரிசிச் சிப்பமும் 15 கிலோ எண்ணெய் டின்னும் கடைக்கோடியில் இருக்கவே கூடாது. வாடிக்கையாளர் அதை எடுத்துக்கொண்டு நடக்க மாட்டார், பையனைக் கூப்பிடுவார், பையன் பில் கவுண்டரை விட்டுப் போவான். வாசலுக்குப் பக்கத்தில் அடுக்கி, கவுண்டரில் பார்கோடு அட்டையை மட்டும் ஸ்கேன் செய்தால் வேலை முடிந்தது.

காய்கறிக் கடை என்று தனியாகத் திறப்பவர்கள் சில்லருக்கு (குளிர்பெட்டிக்கு) செலவழிக்கும் முன் எதை அதில் வைக்கக்கூடாது என்று தெரிந்துகொள்வது நல்லது. வாழைப்பழம் 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும். பூவனோ ரஸ்தாளியோ எதுவானாலும் வெளியேதான் இருக்க வேண்டும். தக்காளியும் குளிரில் சுவை கெடும். சின்ன வெங்காயத்துக்குக் காற்று வேண்டும். குவியலாகக் கொட்டினால் அடியில் வியர்த்து அழுகும். உருளைக்கிழங்கை ஸ்பாட் லைட்டுக்குக் கீழே அழகாக அடுக்கினால் பச்சை பிடிக்கும். கீரைக்குச் சில்லரைவிட நனைத்த கோணியும் காலை விலையும் முக்கியம். பதினொரு மணிக்கு வாடிய கட்டைக் காலை விலைக்கே வைத்திருந்தால் அது குப்பைக்குத்தான் போகும், எனவே பத்து மணிக்கே விலையைக் குறையுங்கள். கழிவை நாள் முடிவில் எடை போட்டு எழுதாத காய்கறிக் கடையில் லாபம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. மாத முடிவில் ‘ஏதோ ஓடுகிறது’ என்பார்கள்.

தோசை மாவு தனிக் கதை. சின்னக் கடைக்கு ஆளை வரவழைப்பதே அதுதான். பாக்கெட்டில் அடைத்த பிறகும் மாவு புளித்துக்கொண்டேதான் இருக்கும். 5 டிகிரிக்குள் வைத்தால் மெதுவாகப் புளிக்கும், அவ்வளவுதான். இரவு ஷட்டர் போடும்போது ஈ.பி. பில்லை மிச்சம் பிடிக்கச் சில்லரை அணைக்கும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. காலையில் பாக்கெட் பந்துபோல் உப்பியிருக்கும். மறுபடி குளிர்ந்ததும் கொஞ்சம் அமுங்கும், அதனால் காலை ஷிஃப்ட் ஆளுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய்ப் பிரித்தவருக்குத் தெரியும். கதவில்லாத சில்லரைவிடக் கண்ணாடிக் கதவு வைத்தது இதற்கு நல்லது. உள்ளே ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுக் காலை, மதியம், இரவு என்று எழுதச் சொல்லுங்கள்.

இனி சொந்த பிராண்டுக்கு வருவோம். உங்கள் பெயரை முதலில் போடத் தகுந்த சரக்கு பருப்பு, உளுந்து, ரவை, வேர்க்கடலை, வெல்லம், மிளகாய், மல்லி. இவற்றைக் கண்ணால் பார்த்து வாங்குவதுதான் நம் ஊர் வழக்கம். கம்பெனிப் பெயர் மேல் பிடிவாதம் குறைவு. சோப்பு, டீத்தூள், பற்பசை பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். அங்கே விளம்பரத்தோடு மோத வேண்டும்.

ஆனால் பருப்புக்குப் பெயர் வைப்பது சுலபம், அடுத்த லாட்டிலும், அதாவது அடுத்த தடவை வந்து இறங்கும் சரக்கிலும், அதே பருப்பைத் தருவதுதான் கஷ்டம். துவரை கலபுரகியிலிருந்து வந்தால் ஒரு மாதிரி வேகும், மொசாம்பிக்கிலிருந்தோ தான்சானியாவிலிருந்தோ இறங்கியது வேறு மாதிரி வேகும். உளுந்தில் நம் ஊர் சரக்கும் உண்டு, பர்மா சரக்கும் உண்டு. விருதுநகரிலிருந்து ஏற்றும் வியாபாரி விலைக்குத் தக்க மாற்றித்தான் அனுப்புவார். அது அவர் தொழில். லூஸாக விற்றபோது ‘இந்தத் தடவை பருப்பு சரியில்லை’ என்று போனவர், உங்கள் பெயர் அச்சடித்த பாக்கெட்டில் அதையே கண்டால் ‘இந்தக் கடைச் சரக்கு சரியில்லை’ என்பார்.

ஆகவே ஒவ்வொரு லாட்டையும் பாக்கிங் மேசைக்குப் போகும் முன் சோதியுங்கள். துவரைக்கு: 100 கிராம், 400 மில்லி அதே தண்ணீர், அதே குக்கர், அதே விசில். மசிந்ததா, தோல் மிதக்கிறதா, நிறம் என்ன என்று எழுதுங்கள். உளுந்துக்கு: 200 கிராம் எடுத்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, குளிர்ந்த தண்ணீர் தெளித்து ஒரே கிரைண்டரில் அரைத்து, அளவு போட்ட ஜாடியில் ஊற்றி மாவு எவ்வளவு காண்கிறது என்று பாருங்கள். இதற்கென்று பெரிய லேப் வேண்டாம். ஒரு அடுப்பு, ஒரு கிரைண்டர், ஒரு நோட்டு, பொறுமையுள்ள ஒரு பெண் போதும். வீட்டில் இருபது வருடம் இட்லிக்கு அரைத்தவர்கள் உங்கள் பர்ச்சேஸ் மேனேஜரைவிடச் சரியாகச் சொல்வார்கள். தேறாத லாட்டை லூஸில் விலை குறைத்து விற்கலாம், பெயர் போட்ட பாக்கெட்டில் போடக்கூடாது. தேறிய லாட்டில் கால் கிலோவை லாட் எண் எழுதி, பாக்கெட்டின் காலாவதித் தேதி வரை எடுத்து வையுங்கள். புகார் வந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அரிசியில் இது இன்னும் கூர்மை. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து புது அரிசி வந்துவிடும், குழையும், ஒட்டும். போன மாதம் அதே பெயரில் பழைய அரிசி வாங்கியவர் சண்டைக்கு வருவார். பையிலேயே ‘பழையது’, ‘புதியது’ என்று ஸ்டிக்கர் ஒட்டி இரண்டு விலை வையுங்கள்.

வரி விஷயத்திலும் பழைய கணக்கிலேயே இருப்பவர்கள் உண்டு. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது பதிவு செய்த பிராண்டில் விற்ற அரிசி, பருப்புக்குத்தான் 5 சதவீதம். அதற்காகவே பலர் பெயரைப் பதிவு செய்யாமல் விட்டார்கள். 2022 ஜூலை 18 முதல் பிராண்ட் என்ற பேச்சே போய்விட்டது. 25 கிலோ வரை முன்கூட்டியே பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டினால் வரி உண்டு, பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும். 26 கிலோ அரிசி மூட்டை சந்தையில் முளைத்தது அதனால்தான். ஆக, வரிக்குப் பயந்து பெயரைப் பதிவு செய்யாமல் இருக்க இன்று காரணம் எதுவும் இல்லை. 25க்கும் 26க்கும் விலையை ஒப்பிட முடியாமல் வாடிக்கையாளர் திணறுவார் என்பதால், ரேக் அட்டையில் கிலோ விலையைப் பெரிதாக எழுதுங்கள். பாக்கெட் லேபிளில் கிராம் விலையோ கிலோ விலையோ அச்சிடுவது எப்படியும் சட்டப்படி கட்டாயம்: ஒரு கிலோவுக்குக் குறைந்தால் கிராமுக்கு, கூடினால் கிலோவுக்கு.

கவர் அச்சடிப்பதில் நிறையப் பணம் வீணாகிறது. ரோல் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் வெட்ட வேண்டும், ஒவ்வொரு அளவுக்கும் குறைந்தபட்ச ஆர்டர் நூற்றுக்கணக்கான கிலோ. இருபது சரக்குக்கு இருபது டிசைன் போட்டுவிட்டுப் பிறகு முகவரி மாறினாலோ உரிம எண் மாறினாலோ ரோல் முழுக்கப் பழைய இரும்புக் கடைக்கு. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே கவர், அரைக் கிலோ, ஒரு கிலோ என்று இரண்டே அளவு, சரக்கின் பெயர், எடை, எம்.ஆர்.பி., தேதி, லாட் எல்லாம் ஸ்டிக்கரில் என்று தொடங்குங்கள். ஆறு மாதம் ஓடிய ஐட்டத்துக்கு மட்டும் தனிக் கவர் அடியுங்கள். பருப்புக் கவரில் உள்ளே தெரிகிற ஜன்னல் வேண்டும். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் கவரில் கூடாது, வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும். எடை போடுகிற மேசையிலும் கவனம் வேண்டும்: வெயில் காலத்தில் பருப்பு ஈரம் இழந்து எடை குறையும். சரியாக 500 கிராம் போட்ட பாக்கெட்டை இரண்டு மாதம் கழித்து முத்திரை ஆய்வாளர் எடை போட்டால் குறைவாகக் காட்டும். சில கிராம் கூட்டிப் போடுவது நஷ்டமில்லை.

பெயர்ப் பலகைக்கு வருவோம். தமிழ்நாட்டு விதிப்படி தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில் இருக்க வேண்டும். விளம்பர ஏஜென்சி தரும் லோகோவில் ஆங்கிலம் பலகையை அடைத்து நிற்கும், தமிழ் மூலையில் கிடக்கும். அச்சுக்குப் போகும் முன்பே திருப்பி அனுப்புங்கள். புது வகைக் கடை என்பதற்காகப் பெயரையே மாற்றாதீர்கள். பழைய பெயர் அப்படியே, பக்கத்தில் ‘காய்கறி’ என்றோ ‘தினசரி’ என்றோ ஒரு சொல். பெயரில் விலை, தள்ளுபடி பற்றிய எதையும் சேர்க்காதீர்கள், நாளைக்கு ஏ.சி. போட்ட கடைக்கு அது ஒட்டாது.

டிரேட்மார்க்கைக் கடைக்கு வகுப்பு 35, அரிசி, மாவு, மசாலாவுக்கு 30, எண்ணெய், பால் பொருளுக்கு 29, காய், பழத்துக்கு 31 என்று தனித்தனியாகப் பதிய வேண்டும். கடைக்கு மட்டும் பதிந்துவிட்டுப் பருப்பில் பெயர் போட்டால் பாதுகாப்பு அரைகுறை. அதைவிட முக்கியம் பதிவு யார் பெயரில் என்பது. அண்ணன் தம்பி பிரியும்போது கடை இரண்டாகும், பெயரும் இரண்டாகும், ஒரே தெருவில் ‘பழைய’ என்றும் ‘ஒரிஜினல்’ என்றும் இரண்டு பலகை தொங்கும். இரண்டாவது வகைக் கடைக்குப் போகும் முன் பெயர் நிறுவனத்துக்குச் சொந்தமா, ஆளுக்குச் சொந்தமா என்று பங்குதாரர் பத்திரத்தில் எழுதிவிடுங்கள்.

பையிலும் பெயர் போடுவீர்கள். துணி மாதிரி இருக்கும் நான்-ஓவன் பை, 2019 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள தமிழ்நாட்டுத் தடைப் பட்டியலில் இருக்கிறது. அதில் லோகோ அடித்தால் அபராத ரசீதில் உங்கள் பெயர் தெளிவாகத் தெரியும். மஞ்சப்பை நெய்து வாங்குங்கள்.

வேகம் பற்றிச் சொல்ல ஊரறிந்த உதாரணம் ஒன்று போதும். சுபிக்ஷா 1997இல் சென்னை திருவான்மியூரில் தொடங்கியது. ஏ.சி. இல்லாத சின்னக் கடை, எம்.ஆர்.பி.யில் தள்ளுபடி, வீட்டுப் பக்கத்திலேயே. அந்த வகை தெளிவாக இருந்தது, ஓடியது. பிறகு நாடு முழுக்கச் சுமார் 1,600 கடை, கூடவே செல்போன் விற்பனை என்று விரிந்து, 2009 தொடக்கத்தில் சம்பளத்துக்கும் சப்ளையருக்கும் பணம் இல்லாமல் நின்றுபோனது. கடை வகையில் கோளாறு என்று இதைப் படிப்பது தவறு. கையிலிருந்த ரொக்கத்தை மீறித் திறந்ததுதான் கோளாறு. 1905இல் தொடங்கிய நீல்கிரிஸ் வெண்ணெய், ரொட்டி என்று சொந்தச் சரக்கில் பெயர் வாங்கிய பிறகுதான் பெரிய சூப்பர் மார்க்கெட் ஆனது. நடந்துபோகும் தூரத்தில் சின்னச் சின்னக் கிளை என்பதும் புதிதில்லை. 1904இல் தொடங்கிய திருவல்லிக்கேணி கூட்டுறவுச் சங்கம் அதைத்தான் செய்தது. சின்ன ஆலைகளுக்குப் பணத்தை இழுத்தடித்துக் கடை திறக்கலாம் என்று நினைத்தால், குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்கு மேல் நிலுவை வைக்கும் தொகை கொடுத்து முடிக்கும் வரை வருமான வரியில் செலவாகக் கழியாது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கவுண்டர் எத்தனை என்பதையும் பில்தான் சொல்லும். 45 ஐட்டம் உள்ள மாதச் சாமானை ஸ்கேன் செய்து பையில் போட ஐந்து நிமிடம் என்று வைத்தால் ஒரு கவுண்டர் மணிக்கு 12 பில். ஐந்தாம் தேதி மாலை மணிக்கு 60 பேர் வந்தால் ஐந்து கவுண்டர் வேண்டும். இருபத்தைந்தாம் தேதி இரண்டு போதும். எப்போதும் ஒன்றை ஐந்து ஐட்டத்துக்குக் குறைந்தவர்களுக்கென்று விடுங்கள். பில் போடுபவருக்கு ஸ்டூல் வாங்க மறக்காதீர்கள், 2021 திருத்தத்துக்குப் பிறகு உட்கார இடம் தருவது சட்டம்.

சோதனைக் கடையை ஒன்றோடு நிறுத்தி ஆறு மாதம் ஓட்டுங்கள். அதில் ஒரு தீபாவளியோ பொங்கலோ இருக்கட்டும், ஆனால் பண்டிகை மாதத்தைக் கழித்தும் கணக்குப் பாருங்கள். ரேக், விலை, பெயர் மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. கழிவு போக மிஞ்சிய லாபம், சரக்கு கிடக்கும் நாள், ஒரு நாள் பில் எண்ணிக்கை, இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் உங்கள் பழைய கடையில் குறைந்த விற்பனை ஆகிய நான்கையும் வாராவாரம் ஒரே தாளில் எழுதுங்கள். கடைசியில் சொன்னதைத்தான் யாரும் எழுதுவதில்லை. புதுக் கடை விற்ற ஒரு லட்சத்தில் அறுபதாயிரம் பழைய கடையிலிருந்து வந்திருந்தால் வாடகையை நாற்பதாயிரத்தின் லாபத்திலிருந்துதான் கட்டுகிறீர்கள்.

மூடுவதற்கான அளவையும் திறப்பு விழாவுக்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: எந்த மாதத்தில் எந்தத் தொகைக்குக் கீழே போனால் ஷட்டர். வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வருடத்துக்கு மேல் லாக்-இன் (இடையில் காலி செய்ய முடியாத காலம்) ஒப்புக்கொள்ளாதீர்கள், அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும் என்று தேதியோடு எழுதுங்கள். ரேக் எல்லாம் மூன்றடி ஸ்டாண்டர்டு அளவாக, போல்ட் கழற்றக்கூடியதாக வாங்கினால் அடுத்த கடைக்கு ஒரே நாளில் ஏற்றிவிடலாம்; கார்பெண்டரை வைத்துச் சுவரோடு சேர்த்து அடித்த மர ரேக்கைக் கட்டட உரிமையாளருக்குத்தான் விட்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
மளிகைக் கொள்முதல், பாக்கிங், கடை அமைப்பு வேலைகளில் இருப்பவர்கள்